விஸ்பியில் புதைந்த கவசம்

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு வரும் மாணவர் ஒருவர் போன மாதம் செல்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். மரத்தடுப்பு கட்டிய ஒரு களம். இரும்புக் கவசம் அணிந்த ஐந்து பேர், எதிரே இன்னும் ஐந்து பேர். நடுவர் கையசைத்ததும் வாளாலும் கோடாரியாலும் ஒருவரையொருவர் அடித்துச் சாய்க்கிறார்கள். சுற்றி நிற்கும் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. பார்த்து முடித்ததும் அவர் கேட்டார்: "நம்மாளு அந்தக் காலத்துல அங்க பொறந்திருந்தா எந்தப் பக்கம் நின்னிருப்பான் தோழர்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி சிரிப்போடு போகவில்லை. அதற்குப் பதில் தேடியதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

அந்தக் காணொளியில் இருப்பது 'புஹுர்ட்' என்னும் விளையாட்டு. ஐரோப்பிய இடைக்காலத்துப் போர்க்கவசங்களைப் போலச் செய்து அணிந்து, கூர் மழுக்கிய எஃகு ஆயுதங்களால் உண்மையாகவே மோதுவது. 2010இல் உக்ரைனின் கோத்தின் கோட்டையில் நான்கு நாட்டு அணிகளோடு 'பேட்டில் ஆஃப் தி நேஷன்ஸ்' என்ற போட்டி தொடங்கியபிறகு இது பல நாடுகளுக்குப் பரவியது. இரண்டு பாதங்களைத் தவிர உடம்பின் வேறொரு பகுதி தரையைத் தொட்டால் அவர் ஆட்டத்திலிருந்து வெளியே. ஒருவர் அணியும் கவசம் இருபது கிலோவைத் தாண்டும். அதைச் சுமந்துகொண்டு சில நிமிடங்கள் சண்டை போடுவதற்கே நல்ல உடம்பு வேண்டும்.

இதைவிட மூத்தது அமெரிக்காவின் 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்'. 1966 மே 1 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்த விருந்தில் பிறந்த அமைப்பு. இங்கே எஃகு வாளுக்குப் பதில் பிரம்பு. நம்மூரில் கூடை பின்னுகிற அதே வகைப் பிரம்புதான். கொஞ்சம் தடிமனாக இருக்கும். பென்சில்வேனியாவில் இவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் 'பென்சிக் போர்' 1972இல் தொடங்கியது. இப்போது அதற்குப் பத்தாயிரம் பேர் வரை கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள்.

வசதி படைத்தவர்களின் வெட்டிப் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியும். ஆனால் அது சோம்பேறித்தனமான விமர்சனம். இவர்களில் பலர் அருங்காட்சியகத்துக்குப் போய்க் குறிப்பெடுக்கிறார்கள். சொந்தக் கையால் இரும்பை அடிக்கிறார்கள், துணி நெய்கிறார்கள், பழைய சமையல் முறைகளைத் தேடிப் படிக்கிறார்கள். பெண்களும் களத்தில் இறங்குகிறார்கள். வரலாற்றை உடம்பால் தெரிந்துகொள்ள நினைப்பதில் தவறில்லை.

அவர்களிடம் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விதியும் இருக்கிறது. பிரம்பு வாள் சண்டையில் அடி சரியாக விழுந்ததா இல்லையா என்பதைச் சொல்வது நடுவர் அல்ல, அடித்தவரும் அல்ல. அடி வாங்கியவர். "பட்டது" என்று அவர் சொன்னால் பட்டது. அவருடைய நேர்மையை நம்பித்தான் மொத்த ஆட்டமும் நடக்கிறது.

இதைப் படித்தபோது நமக்குக் காவல் நிலைய வாசல்தான் நினைவுக்கு வந்தது. வன்கொடுமைப் புகாரோடு போகிறவர்களுடன் நாமும் போய் நின்றிருக்கிறோம். அடிபட்டவர், தான் அடிபட்டதை எத்தனை பேரிடம் எத்தனை முறை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது! 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதியும் முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்றது. ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்கத் தலித் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தப் போராட்டத்தில் உயிர்கள் போயின. அதன்பிறகுதான் சட்டம் திருத்தப்பட்டது. விளையாட்டில் அடிபட்டவருக்குக் கிடைக்கும் நம்பிக்கை, நிஜத்தில் அடிபட்ட நமக்குப் போராடித்தான் கிடைத்தது. அதுவும் காகிதத்தில்.

சரி, மாணவரின் கேள்விக்கு வருவோம். அந்த அமெரிக்க அமைப்பில் சேரும் ஒவ்வொருவரும் தனக்கென ஒரு பழைய காலத்துப் பெயரையும் வாழ்க்கையையும் வைத்துக்கொள்கிறார். எல்லாரும் உயர்குடியில் பிறந்தவர்கள் என்றே கருதப்படுகிறார்கள். சண்டையில் வெல்பவர் சில மாதங்களுக்கு அரசராகவோ அரசியாகவோ இருக்கலாம். பிறப்பால் வந்த கிரீடத்தை யாரும் வெல்லக்கூடிய ஒன்றாக மாற்றியிருக்கிறார்கள் என்று இதைப் பாராட்டலாம். ஆனால் பத்தாயிரம் பேர் கூடும் இடத்தில் பண்ணையடிமையாக இருக்க விரும்புகிறவர் எத்தனை பேர்? இடைக்கால ஐரோப்பாவின் மக்களில் மிகப் பெரும்பாலோர் நிலத்தில் உழைத்தவர்கள். அவர்கள் உழைக்காமல் ஒரு வீரனுக்குக் குதிரையும் இல்லை, கவசமும் இல்லை. விளையாட்டில் அவர்களைக் காணவில்லை.

ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்பதை அன்றைய சட்டங்களே வரையறுத்தன. 1152இல் ஜெர்மானிய அரசர் பிரெடரிக் பார்பரோசா பிறப்பித்த அமைதிச் சட்டம், உழவர்கள் வாளோ ஈட்டியோ ஏந்திச் செல்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1181இல் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி, சுதந்திரமான ஆண்கள் தத்தம் சொத்துக்கேற்ப ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்றார். அதே ஆணையில் யூதர்கள் வளையச் சட்டைக் கவசம் வைத்திருக்கக் கூடாது என்றும் எழுதினார். தன்னைக் காத்துக்கொள்ளும் இரும்புச் சட்டைகூட ஒரு சமூகத்துக்கு மறுக்கப்பட்டது. இந்த வரி நமக்குப் புதியதாகத் தோன்றுகிறதா?

இன்று இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் விரும்பப்படும் மேற்கவசங்களில் ஒன்று 'விஸ்பி கவசம்'. தோலிலோ தடித்த துணியிலோ இரும்புத் தகடுகளை உள்பக்கமாக ஆணியடித்துச் செய்வது. இந்த மாதிரி எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? ஒரு பிணக்குழியிலிருந்து.

சுவீடனுக்குக் கிழக்கே பால்டிக் கடலில் கோட்லாந்து என்றொரு தீவு. அதன் வணிக நகரம் விஸ்பி. 1361 ஜூலையில் டென்மார்க் அரசர் வால்டெமாரின் படை வந்திறங்கியபோது அதை எதிர்த்து நின்றவர்கள் நாட்டுப்புறத்து உழவர்கள். நகரத்துச் செல்வந்தர்கள் மதிலுக்குள் இருந்தார்கள். மதிலுக்கு வெளியே உழவர்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். அதன்பின் நகரம் கதவைத் திறந்து அரசரிடம் பணிந்தது. 1905 முதல் அகழ்ந்த குழிகளில் சுமார் 1,185 பேரின் எலும்புகள் கிடைத்தன. சிறுவர்கள், முதியவர்கள் எலும்புகளும் அவற்றில் இருந்தன. பலருக்கு வெட்டு விழுந்தது கால்களில். கோடை வெயிலில் உடல்கள் விரைவில் கெட்டுவிடும் என்பதால் கவசங்களைக் கழற்றாமலேயே சிலரைக் குழியில் தள்ளியிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அப்படித்தான் இருபதுக்கும் மேற்பட்ட கவசங்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து நம் காலத்துக்கு வந்து சேர்ந்தன.

அரசர்களின் கவசங்கள் அரண்மனைகளில் மெருகோடு இருக்கின்றன. உழவர்களின் கவசம் எலும்போடு சேர்ந்துதான் கிடைத்தது. அந்த மாதிரியைப் பார்த்துச் செய்ததை அணிந்துகொண்டு இன்று ஒருவர் பிரபுவாகக் களம் இறங்குகிறார். அவர் மோசமானவர் என்று சொல்லவில்லை. தன் மார்பில் இருப்பது யாருடைய சட்டை என்று அவர் கேட்க வேண்டும் என்கிறோம்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில்லில் திரண்ட வெள்ளை இனவெறியர்கள் சிலர் இடைக்காலச் சின்னங்கள் வரைந்த கேடயங்களோடு வந்தார்கள். ஐரோப்பிய இடைக்காலம் என்பது வெள்ளையர்கள் மட்டுமே வாழ்ந்த தூய காலம் என்பது அவர்களின் கனவு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஜெர்மனியின் மாக்டெபுர்க் தேவாலயத்தில் சுமார் 1240ஐ ஒட்டிச் செதுக்கிய புனித மொரீசின் சிலை இருக்கிறது. வளையச் சட்டையும் அதன்மேல் தகட்டுக் கவசமும் அணிந்த கறுப்பின வீரன். அந்தக் காலத்துத் தகட்டுக் கவசம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இந்தப் பொழுதுபோக்காளர்களே தேடிப் போகும் சிலை அது. தூய வெள்ளை வீரன் என்ற கற்பனைக்குக் கவசம் தைக்க, ஒரு கறுப்பின வீரனின் மார்பைப் பார்த்துத்தான் அளவெடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த விளையாட்டுக்கு நம் நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. மேற்கத்தியச் சந்தையில் விலை குறைந்த வளையச் சட்டைகள், தலைக்கவசங்கள், வாள்கள் பெருமளவில் இந்தியாவிலிருந்து போகின்றன. டேராடூன் இதற்குப் பெயர் பெற்ற ஊர். ஒரு வளையச் சட்டைக்குப் பல ஆயிரம் வளையங்கள். ஒவ்வொன்றையும் கோத்து, சின்ன ஆணி வைத்து அடித்து மூட வேண்டும். பிரபு வேடம் போடுபவரின் தோளில் இருக்கும் பத்துக் கிலோ இரும்பில் இந்தியத் தொழிலாளியின் விரல் பட்டிருக்கிறது. கற்பனை அரசவைக்கும் கூலிக்காரர் தேவைப்படுகிறார்.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் ஐரோப்பாவையும் இந்தியாவையும் ஒப்பிடுகிறார். ஐரோப்பாவிலும் வலியவன் எளியவனை நசுக்கினான். சமூகப் போர் அங்கே இன்னும் கடுமையாகவே நடந்தது. ஆனால் எளியவனிடம் படைக்கருவியும், அரசியல் கருவியும், கல்வியும் முற்றாகப் பறிக்கப்படவில்லை. இங்கே சதுர்வருணம் மூன்றையும் சேர்த்தே பறித்தது. அதனால்தான் மக்களால் கிளர்ந்தெழ முடியவில்லை என்பது அவருடைய வாதம்.

ஐரோப்பிய வரலாறு இதற்குத் துணை நிற்கிறது. 1285இல் இங்கிலாந்துச் சட்டம் பதினைந்து முதல் அறுபது வயதுவரையுள்ள எல்லா ஆண்களும் அவரவர் வசதிக்கு ஆயுதம் வைத்திருக்கச் சொன்னது. 1381இல் அங்கே உழவர்கள் லண்டனுக்குள்ளேயே நுழைந்தார்கள். 1386இல் செம்பாக்கில் சுவிஸ் மக்களின் படை பிரபுக்களின் படையை முறியடித்தது. தோற்ற கிளர்ச்சிகளும் ஏராளம். ஆனால் எழுந்து நிற்கவாவது வழி இருந்தது.

இங்கே கேள்வி வாளைப் பற்றியதுகூட அல்ல. குதிரை மேல் மாப்பிள்ளை ஊர்வலம் போகக் கூடாது, மீசை முறுக்கக் கூடாது என்று இன்றைக்கும் அடிக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் 2018இல் ஒரு தலித் மணமகன் ஆதிக்கச் சாதித் தெரு வழியே ஊர்வலம் போக மாதக்கணக்கில் போராடி, போலீஸ் காவலோடுதான் போனார். வெள்ளைக்காரருக்குக் குதிரைவீரன் வேடம் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நமக்குக் குதிரை இன்னும் உரிமைப் பிரச்சினை. கடந்த காலத்தை வேடமாகப் போட்டு விளையாட வேண்டுமானால் முதலில் அது கடந்து போயிருக்க வேண்டும்.

நம் ஊரிலும் ஒரு வேடம் நடக்கிறது. அதற்கு 'ஆண்ட பரம்பரை' என்று பெயர். சுவரொட்டியில் வாள், சட்டைப் படத்தில் சிங்கம், கையில் சாதி நிறக் கயிறு. அமெரிக்காவில் ஆட்டம் முடிந்தால் கவசத்தைக் கழற்றிவிட்டு இரண்டு தரப்பும் சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள். இங்கே ஆட்டம் முடிவதே இல்லை. எதிரே நிற்பவனுக்குக் கவசமும் இல்லை, அவன் சம்மதமும் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, கயிறு முதலிய சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. பிள்ளைகளின் கையில் அந்தக் கற்பனையைக் கட்டிவிட்டவர்கள் பெரியவர்கள்.

இதை மற்றவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. "நாங்களும் ஆண்டவர்கள்தான்" என்று நம் இளைஞர்கள் சிலரும் வாள் படத்தோடு பதில் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். அந்தக் கோபம் நமக்குப் புரிகிறது. காலங்காலமாக அடிமை என்று சொல்லப்பட்டவனுக்கு அரசன் என்று சொல்லிக்கொள்ள ஆசை வருவது இயல்பு. ஆனால் பிறப்பால் உயர்வு உண்டு என்று ஒப்புக்கொண்டால்தான் அரச வேடம் பொருந்தும். அந்தக் கவசத்துக்குள் நுழைந்துவிட்டால் நமக்குக் கீழே இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கும்.

நாமும் கடந்த காலத்தை மீண்டும் நிகழ்த்துகிறவர்கள்தான். 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையை எதிர்த்து நின்றவர்களில் மகர் வீரர்கள் பெருமளவில் இருந்தார்கள். பீமா கோரேகானில் அவர்களின் பெயர் பொறித்த தூணுக்கு 1927இல் அம்பேத்கர் போனார். இன்றும் ஆண்டுதோறும் மக்கள் அங்கே திரள்கிறார்கள். யாரும் வாள் சுழற்றுவதில்லை. தூணின் முன் நின்று தலைவணங்கித் திரும்புகிறார்கள். அதே 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகத்தின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார். அந்த நாளிலும் அங்கே மக்கள் கூடுகிறார்கள். ஒரு கை தண்ணீர்தான் அந்த நாளின் ஆயுதம்.

அந்த மாணவருக்கு எங்கள் பதில் இதுதான். நம்மாளு அன்று அங்கே பிறந்திருந்தால் விஸ்பி மதிலுக்கு வெளியே நின்றிருப்பான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் மதிலுக்குள் இருந்தவர்கள். இன்று நம் வேலை பிரபுவின் கவசத்தைக் கடன் வாங்கி அணிவதல்ல. அம்பேத்கர் சொன்ன மூன்று கருவிகளில் எது இன்னும் யாருக்கு மறுக்கப்படுகிறது என்று நம் ஊரில், நம் கல்லூரியில், நம் விடுதியில் கேட்பது. அடுத்த ஞாயிறு 'சாதி ஒழிப்பு' நூலின் அந்தப் பகுதியைச் சேர்ந்து வாசிக்கப்போகிறோம். அந்தக் காணொளியையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.