குதிரைசக்தியும் காற்றளவும்

வீட்டுப் பட்டறைக்கு ஏர் கம்ப்ரஸர் வாங்கப் புறப்படுகிறவர்கள், டாங்கியின் பருமனையும் மோட்டாரின் குதிரைசக்தியையும் கண்டு மயங்குகிறார்களேயன்றி, தாம் கையாளப்போகும் கருவி நிமிஷத்துக்கு எத்தனை கன அடிக் காற்றைக் கேட்கிறது என்ற பிரதான விஷயத்தை விசாரிப்பதில்லை. டயருக்குக் காற்றடிக்கவும், சட்டத்தில் சிற்றாணி இறக்கவும் 24 லிட்டர் டாங்கியுள்ள சிறு யந்திரமே தாராளம். ஆனால், அலமாரிக்கு வர்ணம் தெளிக்கும் துப்பாக்கியோ இடைவிடாமல் காற்றை விழுங்குவதாகையால், 10 கன அடி கேட்கும் துப்பாக்கியை 4 கன அடி தரும் யந்திரத்தில் பூட்டினால், சற்றைக்கெல்லாம் அழுத்தம் தாழ்ந்து, வர்ணம் பெருந்துளிகளாகத் தெறித்துத் திட்டுத்திட்டாகப் படியும். பெரிய டாங்கி இந்தச் சங்கடத்தை ஒத்திப்போடுமேயல்லாது நிவர்த்திக்காது. ஆகவே, முதலில் கருவியின் தேவையைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேலும் சிறிது மிச்சமிருக்கும்படி காற்றுத் தரும் யந்திரத்தையே வாங்குங்கள். வேலை முடிந்ததும் டாங்கியின் அடித்திருகைத் திறந்து, தேங்கிய நீரை வடிக்க மறவாதீர்கள்.