பட்டன் போனுக்கும் மெயில் வரட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வேலையாக ஒரு இ-மெயில் முகவரி தொடங்குகிறார்கள். அடுத்து வரும் கேள்வி: கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெளியே போன பிறகு முக்கியமான மெயில் வந்தால் எப்படித் தெரியும்? ஸ்மார்ட்போன் உள்ளவருக்கு இந்தக் கவலை இல்லை. வெறும் பட்டன் போன் வைத்திருப்பவர் என்ன செய்வார்?

அமெரிக்காவில் இதற்குப் பல ஆண்டுகளாக ஓர் எளிய வழி இருந்தது. உதாரணத்திற்கு ஏ.டி. அண்ட் டி. வாடிக்கையாளரின் பத்து இலக்க செல் எண், அதையடுத்து அட் குறி, பிறகு அந்த நிறுவனம் இதற்கென வைத்திருந்த டொமைன் பெயர். இதுவே அந்த போனின் இ-மெயில் முகவரி. அதற்கு வரும் மெயிலை நிறுவனத்தின் கேட்வே கம்ப்யூட்டர் எஸ்.எம்.எஸ். ஆக மாற்றி போனுக்கு அனுப்பிவிடும். போனில் இண்டர்நெட்டும் வேண்டாம், தனி சாப்ட்வேரும் வேண்டாம். உங்கள் மெயில் பெட்டியில் ஒரு ஃபில்டர் போட்டு, வேண்டியவர்களின் மெயிலை மட்டும் இந்த முகவரிக்கு ஃபார்வர்டு செய்தால் போதும். சர்வர் நின்றுபோனால் என்ஜினியர்களை எழுப்பக்கூட இந்த வழி பயன்பட்டது.

முழுக் கடிதத்தையும் இதில் படிக்க முடியாது. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 140 பைட்தான் அடங்கும். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் என்பதால் 160 எழுத்துகள் கிடைக்கும். தமிழ் யூனிகோடில் 16 பிட் தேவை என்பதால் 70 மட்டுமே. அதிலும் 'கோ' என்ற ஓர் எழுத்து இரண்டாகக் கணக்கிடப்படும். ஆனாலும் யாரிடமிருந்து, எதைப் பற்றி மெயில் வந்தது என்று அறிய இது தாராளம்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. செல் எண் தெரிந்த எவரும், தெரியாதவர் எண்ணை ஊகித்துக்கூட, காசு செலவில்லாமல் மெயில் அனுப்பலாம். நம் ஊரில் வரும் எஸ்.எம்.எஸ்.ஸுக்குக் கட்டணம் கிடையாது. அமெரிக்காவிலோ 2008 வாக்கில், தனித் திட்டம் எடுக்காதவர்கள் வரும் ஒவ்வொரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் 20 சென்ட் வரை கட்ட வேண்டியிருந்தது. விளம்பரம் அனுப்புவது ஒருவர், பணம் கட்டுவது இன்னொருவர்! அனுமதி பெறாமல் இந்த முகவரிகளுக்கு வணிக மெயில் அனுப்பக் கூடாது என்று அந்நாட்டு எஃப்.சி.சி. 2004-லேயே விதி செய்தது. ஆனால் மோசடிக்காரர்கள் விதியைப் பார்த்தா அனுப்புவார்கள்?

2025 ஜூன் 17 அன்று ஏ.டி. அண்ட் டி. இந்த வசதியை அடியோடு நிறுத்திவிட்டது. தொழில் நிறுவனங்கள் கட்டணச் சேவைகளுக்கு மாறிக்கொள்ளும். பட்டன் போனை மட்டும் நம்பியிருக்கும் முதியவர் எங்கே போவார்?

கதவைத் திறந்து போட்டதால் திருடன் வந்தான் என்பதற்காக, வாசலையே சுவர் வைத்து அடைத்தது சரியல்ல என்பது என் கருத்து. வாடிக்கையாளர் தாமே குறித்துக் கொடுக்கும் பத்து, இருபது முகவரிகளிலிருந்து வரும் மெயிலை மட்டும் அனுமதித்திருக்கலாம். மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் தொழில்நுட்பம் ஏற்கனவே இருக்கிறது. மகளின் மெயில் வரும், லாட்டரி மெயில் வராது.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் வசதியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் மருத்துவமனைத் தகவல், பள்ளி அறிவிப்பு போன்றவற்றுக்கு அதை மட்டுமே நம்பியிருக்காதீர்கள். மெயில் எழுதும்போது 'சப்ஜெக்ட்' வரியை வெறுமையாக விடாமல், விஷயத்தை அங்கேயே சொல்லிவிடுங்கள். வீட்டுப் பெரியவரிடம் இருப்பது பட்டன் போன்தான் என்றால், மெயில் அனுப்பிய கையோடு அவருக்கு ஒரு போனும் போட்டுச் சொல்லிவிடுங்கள்.