எலுமிச்சம்பழமும் களர் நிலமும்

பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு

‘இயற்கை’ என்னும் சொல்லுக்கு இன்று நல்ல விலை. பல்பொடி முதல் பயிர் மருந்து வரை அந்தச் சொல்லை ஒட்டி விற்காத பொருள் கடைத்தெருவில் இல்லை. மண்ணின் கார அமில நிலையை, அதாவது பி.எச். அளவை, இயற்கை முறையிலேயே சரிசெய்துவிடலாம் என்று சொல்வாரும் பெருகிவிட்டனர். எலுமிச்சைச் சாறு ஊற்று, வினிகர் தெளி, காப்பிச் சக்கையைப் போடு, சாம்பலைத் தூவு என்று கைப்பேசியைத் திறந்தால் நாளும் ஓர் உபதேசம். எந்த மண்ணுக்கு, எவ்வளவு என்று கேட்பார்தாம் இல்லை. மண்ணும் அளவும் அறியாமல் செய்யும் வைத்தியம், இயற்கை வைத்தியமே ஆனாலும், ஏழை விவசாயியின் கைப்பொருளுக்குக் கேடு என்பதே என் கருத்து.

2015 பிப்ரவரியில் மத்திய அரசு மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. திருச்சி மாவட்டத்தில் உள்ள எங்கள் ஒன்றரை ஏக்கருக்கும் ஓர் அட்டை வந்தது. பி.எச். 8.9 என்று அதில் குறித்திருந்தார்கள். அட்டை தமிழில்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த எண்ணின் பொருளை அப்பாவுக்கு யார் சொல்வார்? “ஏழு இருந்தா நல்லதுங்கிறாங்க. நமக்கு ரெண்டுதானே கூட இருக்கு, இதுக்குப் போயி என்ன?” என்றார் அவர். ரூபாய்க் கணக்கில் அது சரிதான். ஆனால் 1909இல் டென்மார்க்கு நாட்டு வேதியியல் அறிஞர் சோரன்சன் வகுத்த இந்த அளவுகோல் மடக்கைக் கணக்கில் ஏறுவது. ஒரு படி ஏறினால் காரம் பத்து மடங்கு. ஏழுக்கும் 8.9க்கும் இடையே ஏறத்தாழ எண்பது மடங்கு!

இதை அறியாதவரிடம்தான் வியாபாரம் நடக்கிறது. பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் ‘இயற்கை மண் சீராக்கி’ என்று ஒரு நீர்மத்தை விற்றார்கள். அப்பாவும் வாங்கினார். ஒரு புட்டியின் விலை அவருடைய இரண்டு நாள் கூலி. புளிப்பு வாடை வீசியது. எவ்வளவு அமிலம் அதில் உண்டு என்பது மட்டும் புட்டியில் அச்சிடப்படவில்லை.

எலுமிச்சையையே எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தொட்டியில் 10 கிலோ மண். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, அதாவது 100 கிராம். இது முழுவதையும் முறிக்க 128 கிராம் சிட்ரிக் அமிலம் வேண்டும். சாற்றில் நூற்றுக்கு ஆறு பங்கு அமிலம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் இரண்டு லிட்டருக்கு மேல் சாறு தேவை. பழத்துக்கு 15 மில்லி என்றால் நூற்று நாற்பது பழங்கள், ஒரே ஒரு தொட்டிக்கு! அவ்வளவு ஊற்றாதவரை, சற்று இறங்கிய பி.எச். மீண்டும் ஏறிவிடும். தாங்கல் கரைசல் என்று வகுப்பில் படிக்கிறோமே, அந்த வேலையைத்தான் மண்ணிலே சுண்ணாம்பு செய்கிறது.

களர் நிலத்தின் கதை வேறு. பி.எச். 8.5ஐத் தாண்டினால் குற்றவாளி பெரும்பாலும் சோடியம். களித்துகள்களைப் பற்றிக்கொண்டு அவற்றைப் பிரித்துவிடுகிறது. அதனால்தான் மழை பெய்தால் கலங்கல் நீர் நாட்கணக்கில் இறங்காமல் நிற்கிறது. காய்ந்தால் கொழு இறங்காத கல்லாகிறது. முன்னாளில் துணி வெளுக்க எடுத்துப்போன உவர்மண்ணில் இருந்ததும் இதே சோடியம் கார்பனேட்டுதான். இங்கே தேவை அமிலம் அன்று, சோடியத்தை வெளியேற்றும் கால்சியம். அது ஜிப்சத்தில் இருக்கிறது. ஜிப்சமும் இயற்கைப் பொருளே. பெரம்பலூர் மாவட்டம் காரையின் களிமண் மேடுகளில் நரம்பு நரம்பாக ஓடுவதை இன்றும் காணலாம். ஜிப்சம் இட்டு, நல்ல நீர் கட்டி, சோடியத்தோடு அந்த நீரை வடித்துவிட வேண்டும். வடிகால் இல்லாத வயலில் இதுவும் வீண் செலவே.

அதன்பின் தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், மட்கும்போது கரியமில வாயுவும் அங்கக அமிலங்களும் பிறக்கின்றன. அவை மண்ணில் உறங்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தைத் தருகின்றன. காரணம் கேட்டால் எங்கள் பாட்டிக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் “பூண்டு மடக்கின வயல்ல கால் புதையும்” என்பார். புட்டியில் அடைக்க முடியாததால்தான் இதற்கு விளம்பரம் இல்லை போலும்!

சாம்பலைப் பற்றியும் ஒரு சொல். சாம்பலே ஒரு காரம். மழை கழுவிய நீலகிரியின் புளிப்பு மண்ணுக்கு அது உதவும். எங்கள் களருக்கோ எரிகிற வீட்டில் எண்ணெய். மழை மிகுந்த மேனாடுகளில் தோட்டக்காரரின் கவலை பெரும்பாலும் மண்ணின் புளிப்பு. அவர்களுக்கு எழுதிய மருந்தை நம் வறண்ட மாவட்டங்களுக்கு அப்படியே பெயர்த்துத் தருவது என்ன அறிவியல்?

எலுமிச்சைக்கு வேலை உள்ள இடம் ஒன்று உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மண்ணின்றி நீரிலேயே பயிர் வளர்க்கும் முறையில் பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நலம். அங்கே தாங்கிப் பிடிக்க மண் இல்லை. சிறிதளவு சாறே அளவை இறக்கிவிடும். ஆனால் நுண்ணுயிர்கள் சிட்ரிக் அமிலத்தைத் தின்றுவிடுவதால் சில நாட்களில் பழைய இடத்துக்கே ஏறும். ஆழ்துளைக் கிணற்று நீரின் பைகார்பனேட்டும் மேலே தள்ளும். பிடித்து வைத்த மழைநீரைக் கலப்பது இதைவிட நிலையான வழி.

இனி நம் கல்லூரிக்கு வருவோம். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உள்ள பி.எச். மீட்டர் செய்முறைத் தேர்வுக்கு மட்டும்தானா உறை நீங்க வேண்டும்? நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முகாமில் முட்செடி வெட்டுகிறோம், சாலையோரம் சுண்ணாம்பு அடிக்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சுற்றுப்புற விவசாயிகளின் மண்ணை நாமே சோதித்துச் சொன்னால் என்ன? 20 கிராம் மண், 50 மில்லி காய்ச்சி வடித்த நீர், அரைமணி நேரம். சுண்ணாம்பு உண்டா என்று பார்க்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளிகள், நுரைத்தால் உண்டு. எண்ணை எழுதிக் கொடுப்பதோடு நில்லாமல், அதன் பொருளைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். களர் என்று தெரிந்தால், ஜிப்சம் எவ்வளவு என்பதற்கு அரசு மண் பரிசோதனை நிலையத்துக்கு வழிகாட்டி அனுப்பலாம். துறைத்தலைவர் இசைவு தந்தால் வரும் பருவத்திலேயே தொடங்கிவிடலாம். மாணவர் பக்கம் பெயர் கொடுக்க நான் முதல் ஆள். விவசாயிகள் அரைக் கிலோ மண் கொண்டுவந்தால் போதும். வயலில் பல இடங்களில் எடுத்துக் கலந்ததாக இருக்கட்டும். வரப்போரம், மரத்தடி, எருக்குழிப் பக்கம் எடுத்தது வேண்டாம்.