குரங்குக் குல்லாயும் டூலிப் கிழங்கும்

சென்னையில் குளிர்காலம் என்பது ஒரு வதந்தி. ஆனால் எங்கள் திருநின்றவூரில் அதை மனப்பூர்வமாக நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மார்கழி மாதம் காலையில் சென்ட்ரல் போகும் லோக்கலுக்காக ஸ்டேஷனில் நின்று பாருங்கள். குரங்குக் குல்லாய், மப்ளர், காதில் பஞ்சு... ஏதோ இமயமலைக்கு டிக்கெட் எடுத்த மாதிரி இருக்கும். வெப்பம் என்னவோ 20 டிகிரிக்குக் கீழே இறங்கவே கூச்சப்படும். அந்த 20 டிகிரியில் ஐரோப்பாக்காரன் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்தரையில் படுப்பான். நாம் வாயால் 'ஹா' என்று ஊதி, புகை வருகிறதா என்று பார்த்து, வராத ஏமாற்றத்தோடு ரயில் ஏறுகிறோம்.

நிஜக் குளிர் பார்க்கவேண்டுமென்றால் பிராக் நகரத்துக்குப் போகவேண்டும். ஜனவரியில் தோட்டத்து மண் உறைந்து கல்லாகிவிடும். மண்வெட்டி இறங்காது. அந்த ஊரில் ஒரு நாவலாசிரியர் இருந்தார். காரெல் சாப்பெக் என்று பெயர். 'ரோபோ' என்ற வார்த்தையை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய நாடகம் அவர் 1920-ல் எழுதியதுதான். (வார்த்தையை யோசித்துச் சொன்னது அண்ணன் யோசெப். எழுத்தாளர் வீட்டில் இப்படி ஒரு அண்ணன் இருப்பது நல்லது.) 2010-ல் ரஜினி சிட்டியாக வந்து நின்றாரே, அதற்கெல்லாம் இந்த நாடகம்தான் கொள்ளுத் தாத்தா.

பெரிய எழுத்தாளர் என்றதும் தாடி, ஜோல்னாப் பை, மலையடிவார பங்களா என்று கற்பனை செய்யாதீர்கள். சாப்பெக் நம்மைப்போல ஆபீஸ் ஆசாமி. 1921 முதல் ஒரு தினசரியில் உத்தியோகம். இளம் வயதிலிருந்தே முதுகெலும்பில் தீராத நோய் வேறு. 1925-ல் அண்ணனும் தம்பியும் ஒட்டினாற்போல இரட்டை வீடு கட்டிக் குடிபோனார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அந்த வீட்டில் நண்பர்கள் அரட்டை. செக்கோஸ்லோவாகியாவின் ஜனாதிபதி மசாரிக்கே வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் தோட்டம். முதுகு வலிக்கிறவர் குனிந்து நிமிர்ந்து செய்யும் வேலையைத்தான் விரும்பித் தேர்ந்தெடுத்தார் என்பதைக் கவனியுங்கள்! 1929-ல் அந்தத் தோட்டக் கிறுக்கையே மாதவாரியாக, சிரிக்கச் சிரிக்க ஒரு புத்தகமாக எழுதிவிட்டார். படம் போட்டது, மறுபடியும் அண்ணன்.

சரி, மண் உறைந்து கிடக்கும்போது தோட்டக்காரனுக்கு என்ன வேலை?

அவன் விதைப் பட்டியலைப் புரட்டுவான். எந்த மூலையில் எது என்று காகிதத்தில் கோடு போடுவான். ஜன்னலைத் திறந்து வானத்தை முறைப்பான். வேலை இல்லாதவன் மாதிரிதான் தெரியும். ஆனால் அங்கே மண்ணும் சும்மா இருப்பதில்லை. டூலிப் கிழங்கை இலையுதிர் காலத்திலேயே நட்டுவிடவேண்டும். வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் அது வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். 'பாவம், குளிருதே' என்று கதகதப்பாக வைத்துக்கொண்டால் பூவே வராமல் போகலாம். அதாவது, குளிர்காலம் பூவுக்கு இடைஞ்சல் இல்லை. பூவின் முதல் அத்தியாயமே அதுதான்.

'நம்ம ஊருக்கு இதெல்லாம் எங்கே பொருந்தும்?' என்று கேட்பீர்கள். பந்தல் அவரையைக் கேளுங்கள், சொல்லும். ஆடியில் விதைக்கிறோம். கொடி பந்தலைத் தாண்டி, பக்கத்து வீட்டு ஆன்டெனா கம்பி வரை போய்விடும். பூ மட்டும் வராது. உரம் போட்டாலும் வராது, திட்டினாலும் வராது. நாட்டு ரகங்களுக்குப் பகல் பொழுது குறையவேண்டும். சென்னை வட்டாரத்தில் ஜூனில் பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டிசம்பரில் 11 மணி 20 நிமிடம் போல. வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். ஆபீஸ் விளக்கு வெளிச்சத்திலேயே வாழ்கிற நமக்கு அது தெரியாது. அவரைக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் மொச்சையும் அவரையும் சொல்லிவைத்தாற்போலப் பொங்கல் குழம்புக்கு வந்து சேருகின்றன.

லோக்கலில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர். ஆவடி தாண்டுவதற்குள் தினமும் ஒரு தோட்டம் போட்டுவிடுவார்.

"லோன் முடியட்டும் ஸார். ஊர்ப் பக்கம் அரை கிரவுண்டு வாங்கி... மாமரம் ஒண்ணு, முருங்கை ஒண்ணு..."

"லோன் எப்ப முடியும்?"

"இன்னும் பதினேழு வருஷம்."

"மாமரம் என்ன ரகம்?"

"அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம் ஸார்."

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிடவேண்டியிருக்கிறது. பூசலார் நாயனார். பி.காம். படித்த எவனும் அவருடைய கணக்கைப் பார்த்தால் மயங்கி விழுவான். கையிருப்பு பூஜ்யம், கட்டட வேலை மும்முரம்! சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை. அலைந்து பார்த்தார், பணம் சேரவில்லை. மனசுக்குள்ளேயே கட்ட ஆரம்பித்துவிட்டார். சேக்கிழார் சொல்வதைக் கவனமாகப் பார்த்தால் விஷயம் புரியும். பூசலார் 'ஒரு கோயில் இருந்தால் நன்றாயிருக்குமே' என்று பெருமூச்சு விடவில்லை. சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்தார், தச்சர்களைத் தேடினார், நாள் பார்த்து அடித்தளம் போட்டார், ராத்திரி தூங்காமல் வேலை பார்த்தார், விமானம் எழுப்பினார், கிணறு, மதில், குளம்... கும்பாபிஷேகத் தேதிகூடக் குறித்துவிட்டார். எல்லாம் மனசில். அதே தேதியில் காஞ்சிபுரத்தில் ராஜா கட்டிய கற்கோயிலுக்கும் விழா. சிவன் ராஜாவின் கனவில் வந்து, "நாளைக்கு எனக்குத் திருநின்றவூரில் வேலை இருக்கிறது, நீ இன்னொரு நாள் வைத்துக்கொள்" என்கிற அர்த்தத்தில் சொல்லிவிட்டார். ராஜா பதறிக்கொண்டு வந்து கோயில் எங்கே என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்றைக்கு அந்தக் கதையின் பெயரிலேயே இங்கே இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது.

ரயில் நண்பருக்கும் பூசலாருக்கும் பணத்தில் வித்தியாசம் கிடையாது. இரண்டு பேரிடமும் இல்லை. ஒருவர் மாமரம் என்ன ரகம் என்று யோசித்ததில்லை. இன்னொருவர் கிணறு எந்தப் பக்கம் என்பது வரை முடிவு செய்திருந்தார். காத்திருப்பதிலும் உழைப்பு உண்டு. சாப்பெக்கின் ஜனவரியும் அந்த ஜாதிதான்.

இத்தனை சிரிப்புக்குப் பிறகு ஒரு விஷயம் சொல்லியாகவேண்டும். 1938 செப்டம்பர் கடைசியில், மியூனிக் நகரத்தில் நாலு நாட்டுத் தலைவர்கள் உட்கார்ந்து சாப்பெக்கின் தேசத்தை வெட்டி ஹிட்லருக்குக் கொடுத்தார்கள். ஹிட்லரை எதிர்த்து எழுதி வந்தவர் அவர். ஊரை விட்டுப் போய்விடு என்றார்கள். போகவில்லை. அந்தக் குளிர்காலத்தில் நிமோனியா வந்து, டிசம்பர் 25-ம் தேதி இறந்துபோனார். வயது 48. மார்ச்சில், வசந்தம் எட்டிப்பார்க்கிற நேரத்தில், ஜெர்மன் ராணுவம் பிராகுக்குள் நுழைந்தது. அண்ணன் யோசெப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1945-ல் பெர்கன்-பெல்சன் முகாமில் அவர் கதையும் முடிந்தது.

அப்படியானால் பட்டியல் புரட்டியது, கோடு போட்டது, கிழங்கு நட்டது எல்லாம் வீண்தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு, நட்டவன் இருக்கிறானா என்று விசாரித்துவிட்டு முளைப்பதில்லை. அதற்கு வேண்டியது குளிர்; அது கிடைத்துவிட்டது. ஆனால் யாராவது ஒருத்தர் முன்கூட்டியே குழி தோண்டியிருக்கவேண்டும்.

பதினேழு வருஷத்து நண்பருக்கும் இதைத்தான் சொன்னேன். தைப் பட்டம் பக்கத்தில் வந்துவிட்டது. கத்தரி, தக்காளி, மிளகாய், முள்ளங்கி, கீரை எதுவும் போடலாம். நிலம் வேண்டாம், அடியில் ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் டப்பா, மண், தொழு உரம், மொட்டை மாடியில் ஆறு மணி நேர வெயில் போதும். லோனுக்கும் முளைக்கீரைக்கும் சம்பந்தமில்லை. கீரைக்கு மூணு, நாலு வாரம்தான் தவணை.

ரொம்ப யோசித்துவிட்டு அவர் கேட்டார்: "பெயிண்ட் டப்பா என்ன கலர் ஸார் வாங்கலாம்?"

தேறிவிடுவார். விவரத்தில் இறங்கிவிட்டாரே!