டென்மாவை அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கலாமா?

சின்ன வயசுல 'ஆஸ்ட்ரோ பாய்' (2009) படம் பாத்தவங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? காலில் ராக்கெட், கையில் பீரங்கி, பின்பக்கத்துல மெஷின் கன். கடைசி ஐட்டத்துக்கு நானும் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கேன். இப்போ ஃபைனல் இயர்ல மறுபடி ஒருமுறை பாருங்க. ரோபோ பையனை விட்டுட்டு, அவனைச் செஞ்ச ஆளைத்தான் பாப்பீங்க.

கதை தெரியாதவங்களுக்கு: வானத்தில் மிதக்கும் மெட்ரோ சிட்டியில், விஞ்ஞானி டென்மாவின் மகன் டோபி ஒரு ராணுவ ரோபோவின் டெமோவில் இறந்துபோகிறான். டென்மா மகனைப் போலவே ஒரு ரோபோ செய்து, அவன் நினைவுகளையும் அதற்குள் ஏற்றுகிறார். கொஞ்ச நாளிலேயே, இது என் பையன் இல்லையே என்று மனசு விட்டுப்போய் ஒதுக்கிவிடுகிறார்.

நம்ம ரிவ்யூ பிபிடி பாஷையில் சொன்னா, எக்ஸிஸ்டிங் சிஸ்டம் டோபி, ப்ரொபோஸ்ட் சிஸ்டம் ஆஸ்ட்ரோ. முகம், குரல், ஞாபகம், கேட்டதெல்லாம் அவுட்புட்ல வந்திருக்கு. தப்பு ப்ராடக்ட்ல இல்ல, ரெக்வயர்மென்ட்ல. செத்துப்போன பையன் திரும்பி வரணும்ங்கிறதை எந்த சர்க்யூட்டும் நிறைவேத்தாது. ஆனா தண்டனை மட்டும் ரோபோவுக்கு.

என் புகார் இங்கதான். கடைசியில் ஆஸ்ட்ரோவின் நீல கோரை எடுக்கச் சொல்லும்போது டென்மா மனம் மாறுகிறார். நீ டோபி இல்லாவிட்டாலும் என் மகன்தான் என்கிறார். நமக்கும் கண் கலங்குது, ஆளை மன்னிச்சிடுறோம். ஒசாமு தெசுகா அவரை அப்படி விடவில்லை. 1952ல் தொடங்கிய அவருடைய மங்காவில் பையன் சாலை விபத்தில் சாகிறான். அங்கே ரோபோ மேல் டென்மாவுக்கு வெறுப்பு வரக் காரணம், அது வளரவே இல்லை என்பது! உலோகம் எப்படி வளரும்? செஞ்சவருக்கே தெரியாதா? கடைசியில் அதை சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். (அந்த மங்கா கணக்குப்படி ரோபோ பிறந்த தேதி 2003 ஏப்ரல் 7. நம்ம பேட்ச்தான்.)

சர்க்கஸ்லேருந்து அவனை மீட்பவர் ஒச்சானொமிசு என்ற வேறொரு பேராசிரியர். பள்ளிக்கூடம் அனுப்புறார். ரோபோவாகவே ஒரு அப்பா, அம்மா, தங்கச்சி செஞ்சு குடுக்கிறார். தான் செய்யாத ஒன்றுக்குப் பொறுப்பேற்ற மனுஷன். படத்தில் டாக்டர் எலிஃபனா வர்றவர் இவர்தான். நல்லவர், ஆனா பாதி நேரம் ஓரமா நிக்கிறார். டென்மாவைத் திருத்துற அவசரத்துல எலிஃபனோட வேலையைப் படம் பறிச்சிடுச்சு.

படத்தில் ரொம்பச் சரியா வந்தது குப்பைமேடு. மெட்ரோ சிட்டிக்காரங்க பழைய ரோபோக்களைக் கீழே தரையில் கொட்டிட்டு மறந்துடுவாங்க. நம்ம லேப் பீரோ மேல பாருங்க: போன வருஷத்து லைன் ஃபாலோவர், அதுக்கு முந்தின வருஷத்து ரோபோ ஆர்ம், ஆர்டுயினோவைக் கழட்டின வெறும் சேஸிஸ். வைவா முடிஞ்ச மறுநாளே அங்க போயிடும்.

பரவாயில்லை, அதுக்கு வலிக்காது. ஆனா வேலைக்குப் போனப்புறம் நாம எழுதப்போற கோடு, யாருக்குக் கடன் கிடைக்கும், யார் ரெஸ்யூமே ஒதுக்கப்படும்னு முடிவு பண்ணலாம். அது தப்பாப் போனா, கிளையன்ட் கேட்டதைத்தான் செஞ்சோம்னு சொல்லிட்டு அடுத்த ப்ராஜெக்ட்டுக்குப் போயிடுவோம். டென்மாவுக்கு அந்தச் சாக்குகூட இல்லை. கிளையன்ட்டும் அவர்தான், டெவலப்பரும் அவர்தான்.

ரிவ்யூ பேனல்ல அவுட்புட் வருதான்னு கேட்பாங்க. செஞ்சதை யார் பாத்துக்கப்போறாங்கன்னு உங்களை யாராவது கேட்டிருக்காங்களா? ஃபியூச்சர் ஸ்கோப்னு ஒரு ஸ்லைடு இருக்கே, எல்லாரும் மொபைல் ஆப் சேர்க்கலாம்னு ஒரு வரி போட்டு ஒப்பேத்துறது. அதுல, இது தப்பு செஞ்சா யார்கிட்ட போய்க் கேக்கணும்னு எங்க டீம் நாலு பேர் பேரையும் போடலாம்னு இருக்கேன். மத்த மூணு பேரும் இன்னும் ஒத்துக்கல.