மாணவன் முகமும் காலேஜ் பணப்பெட்டியும்

சென்ற மாதம் ஒரு கலியாணத்திற்காக சாத்தூரிலிருந்து அச்சங்குளம் போய்க்கொண்டிருந்தோம். பாதையோரத்தில் ஒரு தனியார் காலேஜின் விளம்பரத் தட்டி இரண்டாள் உயரத்துக்கு நின்றது. நடுவில் ஓட்டப் பந்தயத்தில் நாடாவைத் தொடுகிற ஒரு பையனுடைய படம். பக்கத்தில் காலேஜ் தாளாளரின் படம். கீழே, சேர்க்கை நடைபெறுகிறது என்ற வாசகமும் டெலிபோன் நம்பரும். அந்தப் பையன் அச்சங்குளத்துப் பிள்ளை என்றும், அவன் தாயார் பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறவர் என்றும் கலியாண வீட்டில் தெரிந்தது. பையனே பந்தியில் பரிமாறிக் கொண்டிருந்தான்.

"தம்பி, உன் படத்தைப் போட்டதற்கு என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்டோம்.

"ஒரு டிராக் சூட்டும் சர்டிபிகேட்டும் கொடுத்தாங்கய்யா. பீசிலே பாதி தள்ளுபடி. மீதிக்கு லீவிலே நானும் ஆலைக்குப் போறேன்" என்றான்.

அவன் தாயார் குறுக்கிட்டு, "இதைப் பெருசு பண்ணிராதீங்க அண்ணாச்சி. காலேஜுக்காரங்க கோவிச்சுக்கிட்டா உள்ளதும் போயிரும்" என்றார்.

அந்த அம்மாளின் பயத்தை மதித்துப் பையன் பேரையும் காலேஜ் பேரையும் விட்டுவிட்டோம். ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

பையனுடைய காலைக் காட்டி, பையனுடைய முகத்தைக் காட்டி, நூறு பெற்றோரைக் காலேஜ் வாசலுக்கு இழுக்கிறார்கள். அந்த நூறு பேர் கட்டும் பணம் யாருக்குப் போகிறது? முகத்துக்குரியவனோ மீதி பீசுக்காக வெடிமருந்துக்கு நடுவில் போய் உட்காருகிறான். இதைக் கேட்டால் என்ன சொல்லுகிறார்கள்? "விளையாட்டு என்பது பணத்திற்காக அல்ல, கௌரவத்திற்காக, மாணவன் மாணவனாகவே இருக்க வேண்டும்" என்கிறார்கள். கௌரவம் பையனுக்கு, பணம் தங்களுக்கு என்று பாகப்பிரிவினை செய்திருக்கிறார்கள் போலும்!

இந்த "கௌரவ" சித்தாந்தத்தின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். பணம் வாங்காமல் ஆடுவதுதான் உயர்ந்தது என்னும் கொள்கை இங்கிலாந்துப் பணக்காரர்கள் உண்டாக்கியது. ஹென்லி என்னும் ஊரில் நடக்கும் பிரபல படகுப் பந்தயத்தின் நிர்வாகிகள் 1879-ல் ஒரு விதி செய்தார்கள். கைத்தொழிலாளியாகவோ கூலியாளாகவோ பிழைப்பு நடத்தியவன் அதில் கலந்துகொள்ளக் கூடாது என்பது அவ்விதி. கவனியுங்கள்: பந்தயத்துக்குப் பணம் வாங்கியவனை மாத்திரமல்ல, உடல் உழைத்துக் கூலி வாங்கியவனையே விலக்கினார்கள்! 1920-ல் அமெரிக்காவின் ஜான் கெல்லி அங்கே படகோட்ட மனுப்போட்டார், நிராகரித்தார்கள். அவர் செங்கல் அடுக்கிப் பிழைத்தவர் என்பதும் காட்டப்பட்ட காரணங்களில் ஒன்று. அதே ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அந்தக் கொத்தனார் தங்கப்பதக்கம் வாங்கினார். நமது நாட்டுத் தீண்டாமையை அவர்கள் கண்டதில்லை. ஆயினும் உழைப்பவன் கை பட்டால் துடுப்புக்குத் தீட்டு என்பதற்குச் சீமையிலும் சாஸ்திரம் இருந்தது.

ஜிம் தோர்ப் கதை இதைவிடக் கொடியது. அமெரிக்க ஆதிகுடியில் பிறந்தவர். கார்லைல் பள்ளியின் காற்பந்து வீரர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கினார். அதற்கு முன் கோடை விடுமுறைகளில் சொற்பக் காசுக்குப் பேஸ்பால் ஆடியிருந்தார் என்ற "குற்றத்திற்காக" 1913-ல் அவ்விரண்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். அதே மாதிரி ஆடிய மற்ற மாணவர்களில் பலர் பொய்ப்பெயர் வைத்துக்கொண்டு ஆடினார்கள். இவர் சொந்தப் பெயரில் ஆடினார். யோக்கியனாக இருந்ததற்குத் தண்டனை! 1953-ல் அவர் செத்துப்போனார். 1983-ல் குடும்பத்தாரிடம் பதக்கங்களைக் கொடுத்தார்கள். அவர் ஒருவரே வெற்றியாளர் என்று ஒப்புக்கொள்ள 2022 வரை ஆயிற்று.

இனி அமெரிக்கக் காலேஜ்களின் காற்பந்தைப் பார்ப்போம். இது நம் பிள்ளைகள் உதைக்கும் பந்தல்ல. கையில் ஏந்தி ஓடி, முட்டி மோதி விழும் ஆட்டம். லட்சம் பேர் உட்காரும் மைதானங்கள் காலேஜ்களுக்கே உண்டு. டெலிவிஷன் கம்பெனிகள் கோடிக்கணக்கான டாலர் கொட்டுகின்றன. பெரிய காலேஜ் பயிற்சியாளர் ஒருவர் வருஷத்திற்கு ஒரு கோடி டாலருக்கு மேல் சம்பளம் வாங்குகிறார். ஆனால் மண்டை உடைய ஆடுகிறவனுக்கு மாத்திரம் படிப்புச் செலவுக்கு மேல் ஒரு காசும் கூடாது என்றிருந்தது. இதற்காகவே அங்குள்ள காலேஜ் விளையாட்டுச் சங்கம் 1950-களில் "மாணவ விளையாட்டு வீரர்" என்று ஒரு பட்டத்தைக் கண்டுபிடித்தது. எதற்கு? 1955-ல் கொலராடோவில் ரே டென்னிசன் என்ற மாணவர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் நஷ்டஈடு கேட்டார். காலேஜ் காற்பந்து வியாபாரம் நடத்தவில்லை, ஆகவே அவர் தொழிலாளி அல்ல என்று 1957-ல் அந்த மாகாண உயர்ந்த கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. ஒரு வார்த்தையை மாற்றினால் ஒரு விதவையின் கஞ்சியை நிறுத்தலாம் என்பதை அறிந்து செய்த வேலை இது. "தர்மம்", "கடமை" என்ற வார்த்தைகளுக்காகச் சம்பளமில்லாமல் வேலை செய்து பழகிய நமக்கு இது விளங்காததல்ல.

2010-ல் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆட்டக்காரர் ஏ. ஜே. கிரீன் தன் சொந்தச் சட்டையை ஆயிரம் டாலருக்கு விற்றார் என்று நான்கு ஆட்டங்களுக்கு விலக்கி வைத்தார்கள். அதே எண் போட்ட சட்டைகளைப் பல்கலைக்கழகக் கடை தாராளமாய் விற்றுக்கொண்டிருந்தது. அவர் விற்றால் பாபம், அவர்கள் விற்றால் வருமானம்!

இந்தப் புரட்டு நிலைக்கவில்லை. 2019-ல் கலிபோர்னியா மாகாணம், மாணவர் தம் பேரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று சட்டம் செய்தது. 2021 ஜூன் 21-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, படிப்புச் சம்பந்தமான உதவிகளுக்குச் சங்கம் போட்ட வரம்பு செல்லாது என்று ஒன்பது ஜட்ஜுகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பத்து நாளில், ஜூலை 1-ல், சங்கம் விளம்பர வருமானத்தை அனுமதித்தது. 2025 ஜூன் 6-ல் ஒரு கோர்ட்டு ஒப்புக்கொண்ட ராஜியின்படி, பழைய மாணவர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் கொடுக்க வேண்டும். முதல் வருஷத்தில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை ஒவ்வொரு காலேஜும் நேரிலேயே ஆட்டக்காரருக்குப் பங்கு கொடுக்கலாம்.

பணம் கொடுத்தால் காலேஜ் காற்பந்தே அழியும் என்றார்கள். அழிந்ததா? மைதானங்கள் இன்றும் நிரம்புகின்றன.

நிற்க. அங்கே இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. பெரும் பணம் காற்பந்திலும் கூடைப்பந்திலும் பேரெடுத்த சில ஆண்களுக்கே போகிறது. பெண்களுக்கும் மற்ற ஆட்டக்காரருக்கும் சொற்பம். தரகர்கள் புகுந்துவிட்டார்கள். வாய்ப்பேச்சாய்ச் சொன்ன ஒரு லட்சம் டாலர் வரவில்லை என்று 2024-ல் நெவாடாவில் ஓர் ஆட்டக்காரர் பருவத்தின் நடுவில் விலகியதாகச் செய்தி வந்தது. மாணவர் விசாவில் போன அன்னிய நாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் அங்கே இப்பணத்தைச் சம்பாதிக்க முடியாது. இவையெல்லாம் உண்மையே. ஆனால் கூலி பங்கிடுவதில் தகராறு வருகிறது என்பதற்காகக் கூலியே வேண்டாம் என்று எந்தத் தொழிலாளியாவது சொல்லுவானா? எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும் என்றுதான் சொல்லுவான்.

நமது நாட்டில் நிலை என்ன? 2015-ல் நடிகர் ரஜினிகாந்த் பேரையும் சாயலையும் அனுமதியின்றி ஒரு படத்தில் உபயோகிக்கக் கூடாது என்று சென்னை ஹைகோர்ட்டு தடை விதித்தது. 2021-ல் டோக்கியோவில் சிந்து வெண்கலம் வாங்கியதும், வாழ்த்துச் சொல்லுவது போல அவர் படத்தைப் போட்டுச் சரக்கு விற்ற கம்பெனிகள்மேல் அவர் தரப்பார் சட்ட நடவடிக்கைக்கு முற்பட்டார்கள். ஆகவே ஒருவன் முகம் அவன் சொத்து என்பது இங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட நியாயந்தான். வக்கீல் வைக்கக்கூடியவனுக்கு மாத்திரம் அது பலிக்கிறது. சரம் பின்னுகிறவரின் மகனுக்குப் பலிப்பதில்லை.

2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பரீட்சைப் பயிற்சி நிலையங்கள் தேறிய மாணவரின் பேரையும் படத்தையும் அவர் எழுதிக் கொடுக்காமல் விளம்பரம் செய்யக் கூடாது, அந்தச் சம்மதத்தையும் தேறிய பிறகே வாங்க வேண்டும் என்று விதி செய்தது. சேரும்போதே வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் தந்திரத்தை அறிந்து செய்த நல்ல விதி. ஆனால் அதே விதியில் "பயிற்சி" என்பதற்குச் சொன்ன அர்த்தத்திலிருந்து விளையாட்டை வெளியே தள்ளிவிட்டார்கள். புத்தகம் படித்து ஜெயித்தவன் முகத்துக்குக் காவல் உண்டு, ஓடி ஜெயித்தவன் முகத்துக்கு இல்லை! மூளைக்கு ஒரு நீதி, காலுக்கு ஒரு நீதி என்பதை இதற்கு முன்னும் எங்கேயோ கேட்டிருக்கிறோம். தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று எழுதிய புஸ்தகத்தில்தான்.

சிவகாசி வட்டாரத்தாருக்கு முகத்தின் விலையை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. காலண்டரும் பட்டாசு லேபிளும் அச்சடிக்கிற ஊர் அது. படம் மாறினால் விற்பனை மாறும் என்பது அங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். லட்சுமி படத்தைப் போட்டு வெடி விற்கிறார்கள். வெடித்தபின் அந்த முகம் தெருவில் கிழிந்து கிடக்கிறது. லட்சுமி கூலி கேட்கவில்லை. அவளுக்கு வயிறு இல்லை. நமது பையனுக்கு வயிறு இருக்கிறது.

அச்சங்குளம் சாதாரண ஊர் அல்ல. 2021 பிப்ரவரி 12-ல் அங்குள்ள பட்டாசு ஆலை வெடித்து 20-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மத்திய சர்க்கார் தலைக்கு 2 லட்சமும் மாகாண சர்க்கார் 3 லட்சமும் அறிவித்தன. செத்த பிறகு விலை போடத் தெரிந்த உலகம், உயிரோடு ஓடுகிறவனுக்கு விலை போட மறுப்பானேன்? தட்டியில் தொங்கும் அவன் முகத்துக்கு நியாயமான கூலி கிடைத்தால், அந்த மீதி பீசுக்காக அவன் மருந்து அறைப்பக்கம் போக வேண்டியதில்லை. இது கௌரவப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான்:

1. மாணவன் பேர், படம், வெற்றி எதையும் அவன் எழுத்து மூலமான சம்மதமின்றி எந்தக் காலேஜும் விளம்பரத்துக்கு உபயோகிக்கக் கூடாது. சம்மதம் ஜெயித்த பிறகு வாங்கப்பட வேண்டும். சேரும் நாளில் அல்ல.

2. உபயோகித்தால் கூலி கொடுக்க வேண்டும். பீஸ் தள்ளுபடி ஆட்டத்துக்கு. விளம்பரத்துக்குக் கூலி வேறு.

3. மறுத்த மாணவனின் இடத்தையோ சலுகையையோ பிடுங்கக் கூடாது.

4. ஆட்டத்தில் அடிபட்டால் வைத்தியச் செலவு காலேஜைச் சேர்ந்தது.

மாணவத் தோழர்களே! நாளை உங்கள் படத்தைக் கேட்டு வருவார்கள். வெட்கப்படாமல், என்ன கொடுப்பீர்கள் என்று கேளுங்கள்; சொல்லுவதை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒருவராய்க் கேட்டால் மிரட்டுவார்கள். பத்துப் பேராய்க் கேளுங்கள். பணம் கேட்பது இழிவு என்று உபதேசிக்கும் தாளாளர் எவரேனும் இருந்தால், அந்தக் கௌரவத்தை ஒரு வருஷம் அவரே உண்டு காட்டட்டும். பிறகு நாமும் யோசிப்போம்.