பத்தொன்பது டிகிரி

பிரான்சில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். 19 டிகிரி. அதற்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பது அரசாங்கத்தின் சொல். சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. இங்கே புதுச்சேரியில் சித்திரை மாதத்தில் ஏ.சி.யை 18-ல் வைத்துவிட்டு, கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்கள் எனக்குத் தெரிந்தே பத்துப் பேர் இருக்கிறார்கள். அங்கே தை மாதத்தில் பொறுத்துக்கொள்ளும் குளிரை நாம் இங்கே மே மாதத்தில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பாரிசுக்குப் பக்கத்தில் படிக்கும் என் பேத்தி, பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்கள் என்று ஒரு பட்டியலை போனில் காட்டினாள். 'எக்கோழெஸ்த்' என்று தலைப்பு. பூமி சூடாவதைக் குறைக்க ஒவ்வொருவரும் தினம் செய்யக்கூடிய சின்னச் சின்னக் காரியங்கள். விளக்கை அணை, குழாயை மூடு, துணிப்பை எடுத்துப் போ, சைக்கிளில் போ. "தாத்தா, நீங்கள் இதில் எத்தனை செய்கிறீர்கள்?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட எல்லாமே செய்கிறோம் என்றேன். ஆனாலும் அந்தப் பட்டியல் எனக்குத் திருப்தியாக இல்லை. எது பெரிது, எது சிறிது என்று அதில் இல்லை. ஆயுள் முழுக்க அரசு அலுவலகத்தில் பத்திக்குப் பத்தி கூட்டல் போட்டவன் நான். தொகை இல்லாத பட்டியலைக் கையெழுத்துக்கு அனுப்ப மனம் வராது.

ஆகவே நம் வயதுக்காரர்களுக்குப் புரியும் ஓர் அளவுகோல் எடுத்துக்கொண்டேன்: கேஸ் சிலிண்டர். அதில் 14.2 கிலோ வாயு இருக்கிறது. முழுதும் எரிந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. கிழவனும் கிழவியுமாக இரண்டு பேர் சமைக்கும் வீட்டில் ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும்.

இப்போது ஏ.சி.க்கு வருவோம். இரவு ஓடினால் சுமார் 8 யூனிட் என்று வையுங்கள். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் கரியமில வாயு. நமக்கு வரும் கரண்டில் ஒரு பங்கு பக்கத்திலிருக்கும் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து வருவது என்பது எல்லோருக்கும் தெரியும். கோடையின் நான்கு மாதத்தில் ஒரே அறைக்கு 960 யூனிட், அதாவது 670 கிலோ. பதினாறு சிலிண்டர்! ஒரு டிகிரி கூட்டி வைத்தால் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 20-லிருந்து 26-க்கு ஏற்றி, கூடவே மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால், மூன்றில் ஒரு பங்கு போகாமல் நிற்கும். ஐந்து சிலிண்டர். துணிப்பையால் அந்த அளவு மிச்சம் பிடிக்க முடியாது. துணிப்பை நல்லதுதான், வாய்க்கால் அடைக்காது, மாடு தின்று சாகாது. அது வேறு கணக்கு.

ஸ்கூட்டரும் அப்படித்தான். தினம் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால் வருடத்துக்கு இரண்டு சிலிண்டர். பூல்வாருக்குள் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கும் அரை மணி நடைதான் என்றாலும், முழங்கால் வலிக்கிறவரை நடக்கச் சொல்ல நான் யார்?

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஏ.சி.யே வேண்டாம், அந்தக் காலத்தில் நாம் இல்லாமலா இருந்தோம் என்று சில நண்பர்கள் பெருமை பேசுகிறார்கள். 2003 ஆகஸ்டில் பிரான்சில் அடித்த வெயிலில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், தனியாக இருந்தவர்கள் பலர். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, வியர்வையும் குறைந்துவிடும். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று எழுபத்தைந்து வயதில் புழுக்கத்தில் படுத்துக் கிடப்பது முட்டாள்தனம். 26-ல் வைத்துக்கொண்டு தூங்குங்கள். அந்தக் காலத்தில் நாம் குறைவாகச் செலவழித்தது நம் ஒழுக்கத்தால் அல்ல, கையில் இல்லாததால். அன்றைய வீடுகளும் உதவின. முற்றம், தாழ்வாரம், செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட மெட்ராஸ் தளம், வசதியான வீடுகளில் ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி. அவற்றை இடித்துவிட்டு நாமே காங்கிரீட் போட்டோம். பகல் முழுக்கக் குடித்த வெயிலை அது இரவு முழுக்க நம் மேல் கக்குகிறது. பங்குனிக்கு முன்பே மொட்டை மாடிக்கு இரண்டு பூச்சு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் அறைக்குள் வித்தியாசம் தெரியும். கொத்தனார் கூலியோடு பெரிய செலவு ஆகாது.

கடைசியாக, நம் ஊர்க்காரர்கள் பேசத் தயங்கும் விஷயம். சொல்தா குடும்பங்களிலும், பிள்ளைகள் பிரான்சில் இருக்கும் மற்ற வீடுகளிலும், வருடத்துக்கு ஒரு முறை, சிலருக்கு இரண்டு முறை, விமானப் பயணம். சென்னையிலிருந்து பாரிசுக்குப் போய்வர 16,000 கிலோமீட்டர். ஓர் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன். அதாவது 24 சிலிண்டர். இரண்டு பேர் மூன்று வருடம் சமைப்பதற்குச் சமம். புருஷனும் பெண்டாட்டியும் போனால் ஆறு வருடச் சமையல். சராசரி இந்தியன் ஒருவனுக்கு வருடம் முழுவதற்கும் இரண்டு டன் பக்கம்தான் வருகிறது. பேத்தியின் பட்டியலில் தாத்தாவைப் பார்க்கப் போகாதே என்று எழுத யாருக்கும் மனம் வந்திருக்காது. எனக்கும் வராது.

என் யோசனை இதுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை போவது, போனால் மூன்று வாரத்தில் திரும்பாமல் மூன்று மாதம் இருப்பது. விசாவில் போகிறவர்களுக்கு 90 நாள் கிடைக்கும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தக் கட்டும் இல்லை. பயணம் பாதியாகும், பிள்ளைகளோடு இருக்கும் நாட்கள் கூடும்.

நெய்வேலி எரிகிறபோது நம் ஒரு வீட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். தனியாக ஒன்றும் ஆகாதுதான். ஆனால் இந்தக் கரண்டை வாங்குகிறவர்கள் நாம். கூரை மேல் சூரியத் தகடு போட 2024-லிருந்து மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு நான்கு யூனிட் கொடுக்கும். சொந்த மாடி உள்ளவர்கள் மின்துறையில் விசாரிக்கலாம். ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவர்களுக்கு இது உதவாது; அவர்களுக்கு யாராவது ஒரு வழி சொல்ல வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை என்ற யோசனைக்கு என் மனைவி இன்னும் ஒப்பவில்லை. "உங்களுக்கு எழுபத்தாறு, எனக்கு எழுபத்திரண்டு. இரண்டிரண்டு வருடமாக எண்ணினால் இன்னும் எத்தனை தடவை வரும், அதையும் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்" என்கிறாள். நான் இன்னும் போடவில்லை.